கிரிக்கெட் மட்டை விற்றவரின் கால்ஃப் மட்டையை யார் நம்பி வாங்குவார்கள்?

கேள்வி: பல விளையாட்டுகளுக்கும் சாமான் செய்து விற்கும் ஒரு நிறுவனம், கால்ஃபில் மட்டும் தனக்கென்று நல்ல பெயரை எப்படிச் சம்பாதிக்கிறது?

கேட்டவர் ஏதோ ஒரு விளையாட்டுச் சாமான் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, மேலதிகாரி தலையில் கட்டிய வேலைக்கு விடை தேடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் விளம்பரம், நட்சத்திர வீரர், சமூக ஊடகம் என்று ஒரு பட்டியலை இதற்குள் அவரே எழுதி வைத்திருப்பார். அதில் விட்டுப்போயிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் சந்தைப்படுத்தல் படித்தவன் அல்லன். கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் கால்ஃப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றவன். இப்போது வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில், என் வீட்டுத் திண்ணையிலேயே மட்டைகளின் கைப்பிடி உறையான கிரிப்பையும் தண்டான ஷாஃப்டையும் மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறேன். இது விளம்பரப் பதிவா என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று: எந்த நிறுவனமும் எனக்கு, பந்தை மேலே வைத்து அடிக்கும் ஒரு டீக் குச்சியைக்கூட இலவசமாகக் கொடுத்ததில்லை.

பிறந்தது தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். அப்பா வார நாட்களில் கவாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்த ஒரு கிளப்பில் துரைமார்களின் கால்ஃப் பையைத் தூக்குவார். அந்த வேலைக்குப் பெயர் கேடி என்பதால், லயத்துப் பையன்கள் "உங்கப்பன் கேடி" என்று சொல்லிச் சிரித்ததும், நான் இரண்டு பேரை அடித்துவிட்டு வந்து அம்மாவிடம் அடி வாங்கியதும் தனிக்கதை. பதினான்கு வயதில் அப்பாவுக்குத் துணையாக நானும் போகத் தொடங்கினேன். கொச்சியிலிருந்து வந்த ஒருவரின் பையில் ஷட்டில் பேட் செய்யும் யோனெக்ஸின் பெயர் போட்ட ஒரு டிரைவரை, அதாவது பந்தை வெகுதூரம் அடிக்கும் மட்டையை, பார்த்துவிட்டு, "ஷட்டில் பேட் கம்பெனிக்கு இங்க என்னப்பா வேலை?" என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. உங்கள் கேள்வியும் இதேதான்.

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதே பருவத்தில் வேறொரு விருந்தாளி மிசுனோ நிறுவனத்தின் அயர்ன் செட் ஒன்றை, அதாவது இரும்புத் தலையும் எண்ணும் போட்ட மட்டைகளின் தொகுப்பை, கொண்டுவந்தார். ஆறாம் எண் அயர்னைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, விரல் நகத்தால் அதன் முகத்தை ஒரு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம், "இது வார்த்த இரும்பு இல்லடா, அடிச்ச இரும்பு. நம்ம கவாத்துக் கத்தி மாதிரி" என்றார். முப்பது ஆண்டு கவாத்துக் கத்தி பிடித்த கை அது. எந்தக் கொல்லன் அடித்த கத்தி, எது பாத்திரக் கடையில் வாங்கிய கத்தி என்பதைச் செடியில் இறங்கும் முதல் வெட்டிலேயே சொல்லிவிடுவார்.

மிசுனோ 1906-இல் ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம். பேஸ்பால் பந்தும் கையுறையும்தான் அதன் முதல் அடையாளம். கால்ஃப் மட்டை செய்யத் தொடங்கியது 1933-இல். அப்பா சொன்ன அந்த அடித்த இரும்பு, மென்மையான கார்பன் எஃகுத் துண்டு ஒன்றைச் சூடேற்றி, தலையையும் கழுத்தையும் தனித்தனியாகச் செய்து ஒட்டாமல், ஒரே துண்டாக அடித்தெடுப்பது. 1968 முதல் ஹிரோஷிமாவில் உள்ள ஓர் ஆலைதான் அவர்களுக்கு அதைச் செய்து தருகிறது. பந்து சரியாகப் பட்டால் கைக்கு எதுவுமே வராது. தவறாகப் பட்டால் எங்கே பட்டது என்று விரலுக்குத் தெரியும். ஓடுகிற காலணியும் கைப்பந்து வீரர்களின் முழங்கால் பட்டையும் விற்கிற நிறுவனத்திடம் போய், காலணியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் மட்டையை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள் என்றால் காரணம் இதுதான். மரமட்டை, பந்து, பந்தைக் குழிக்குள் தள்ளும் புட்டர் என்று எல்லாமும் அவர்கள் செய்கிறார்கள். ஆனால் பெயர் வந்தது ஒரே பொருளில், அயர்னில்.

இந்த இடத்தில்தான் கிரிக்கெட்டுக்கும் கால்ஃபுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்காரர் ஒரு மட்டையோடு களத்தில் இறங்குகிறார்; அந்த மட்டை உங்களுடையதாக இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம். கால்ஃப் பையில் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பதினான்கும் பதினான்கு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும் விதி தடுக்காது. ஆகவே வேறு விளையாட்டிலிருந்து வருகிற நிறுவனம், பை முழுவதையும் பிடிக்க வேண்டியதே இல்லை. ஓர் ஓட்டையில் நுழைந்தால் போதும், மற்றவை பின்னால் வரும். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை, முதல் ஆண்டிலேயே டிரைவர் முதல் தொப்பி வரை எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கிக் காட்டியவர்களுடையவை.

வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓர் இறைச்சி நிறுவனம், வெட்டிய ஆடுமாடுகளில் எஞ்சிய குடலை வீணாக்காமல் டென்னிஸ் நரம்பாகவும் அறுவைத் தையல் நூலாகவும் விற்பதற்காக வைத்த பிரிவிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அமெரிக்கக் கால்பந்துக் கழகமான என்எஃப்எல்லுக்கு 1941 முதல் அவர்களுடைய பந்துதான். அப்படிப்பட்ட நிறுவனத்தைக் கால்ஃப்காரர்கள் ஏற்றுக்கொண்டதற்கு ஜீன் சராஸென் என்ற கால்ஃப் வீரர் ஒரு பெரிய காரணம். மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க, மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து அவர் செய்து பார்த்த சாண்ட் வெட்ஜோடு 1932 பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். தடை செய்துவிடுவார்களோ என்று பயந்து, பையில் அதைத் தலைகீழாகச் செருகி வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் அதைப் பொதுமக்களுக்குச் செய்து விற்றது வில்சன். 1923-இல் வில்சனோடு சேர்ந்த அவர், 1999-இல் இறக்கும்வரை வில்சனின் ஆளாகவே இருந்தார். கணக்குப் போட்டால் முக்கால் நூற்றாண்டு. இடையில் அந்த நிறுவனம் குளிர்பானம் விற்கும் பெப்சிகோவின் கைக்கும், 1989-இல் பின்லாந்தின் ஏமர் கைக்கும் மாறியது. முதலாளி மாறியதைக் கால்ஃப்காரர்கள் கவனிக்கவில்லை. வெட்ஜ் மாறவில்லை என்பதைக் கவனித்தார்கள். 2019-இல் கேரி வுட்லண்ட் யுஎஸ் ஓப்பனை வென்றபோதும் பையில் வில்சன் அயர்ன்தான் இருந்தது.

சரி, காசு கொடுத்துப் பெயரை வாங்க முடியாதா என்றால், முடியும், வாங்கியும் இருக்கிறார்கள். அடிடாஸ் 1997-இல் சலோமோன் என்ற நிறுவனத்தை வாங்கியபோது, அதன் கையிலிருந்த டெய்லர்மேட் என்ற கால்ஃப் மட்டை நிறுவனமும் அதனோடு வந்தது. மட்டையில் அடிடாஸ் என்று எழுதுகிற தவறை அவர்கள் செய்யவில்லை. மட்டைக்கு அந்தப் பெயர், காலணிக்கும் சட்டைக்கும் தன் பெயர் என்று கடைசிவரை பிரித்தே வைத்திருந்து, 2017-இல் விற்றுவிட்டார்கள். இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. அது பணக்காரர் வழி.

நைக்கியின் கதைதான் இந்தக் கேள்விக்கு நேரான பாடம். டைகர் வுட்ஸைவிடப் பெரிய ஆள் கால்ஃபில் கிடையாது; 1996-லிருந்து அவர் அவர்களோடு இருந்தார். 2000-இல் அவர் நைக்கி பந்துக்கு மாறினார். அந்தப் பந்தைச் செய்து கொடுத்ததே டயர் நிறுவனமான பிரிட்ஜ்ஸ்டோன்தான். மாறிய சில வாரங்களில் பெப்பிள் பீச்சில் யுஎஸ் ஓப்பனை, மற்றவர்களைவிடப் பதினைந்து முறை குறைவாகப் பந்தை அடித்து வென்றார். 2005 மாஸ்டர்ஸில் பதினாறாம் குழியின் விளிம்பில் அவர் பந்து ஒரு கணம் நின்று, நைக்கியின் குறி தொலைக்காட்சி முழுவதும் தெரிய, பிறகு உள்ளே விழுந்தது. எந்தப் பணத்தாலும் வாங்க முடியாத விளம்பரம் அது. ஆனாலும் 2016 ஆகஸ்டில் மட்டை, பந்து, பை செய்வதையே நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நைக்கி ஆட்டக்காரராக இருந்த ப்ரூக்ஸ் கெப்கா, கையில் மட்டை ஒப்பந்தம் இல்லாமல் நின்றார். மிசுனோவிடம் காசு வாங்காமலேயே அவர்களுடைய அயர்னைத் தேர்ந்தெடுத்தார். 2017, 2018 யுஎஸ் ஓப்பன்களையும் 2018, 2019 பிஜிஏ சாம்பியன்ஷிப்புகளையும் அந்த அயர்ன்களோடு வென்றார். காசு வாங்காதவர் கையில் இருக்கும் மட்டைக்கு உள்ள மதிப்பை எந்த விளம்பரப் பலகையும் கொடுக்காது. அதைத் திட்டம் போட்டு வரவழைக்கவும் முடியாது. அறுபது எழுபது ஆண்டுகள் அதே பொருளைச் செய்துகொண்டு காத்திருந்தால், ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

இனி என் கதை. இது நைக்கியைப் பற்றியது அல்ல, மேலே பெயர் சொன்ன எவரைப் பற்றியதும் அல்ல. தயவுசெய்து கருத்துப் பெட்டியில் யூகிக்காதீர்கள். வேறு விளையாட்டில் நல்ல பெயருள்ள ஒரு நிறுவனம் கால்ஃபில் இறங்கி, எங்கள் கடைக்கு ஒரு கண்ணாடி அலமாரியும் இருபத்துநான்கு செட்டுகளும் கொடுத்தது. விற்பனைப் பிரதிநிதி வந்து எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்தார். மதியச் சாப்பாடு பிரமாதம். நான் நம்பினேன். நான் நம்பியதால், பாலக்காட்டிலிருந்து வாராவாரம் வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் நம்பி ஒரு செட் வாங்கினார். மூன்றாம் ஆண்டு அந்த நிறுவனம் சத்தமில்லாமல் கால்ஃபை விட்டுப் போய்விட்டது.

நான்காம் ஆண்டு சித்திரை மாதத்தில் அவர் வந்தார். கையில் ஒரு வெறும் ஷாஃப்ட், சட்டைப் பையில் ஐந்தாம் எண் அயர்னின் தலை. தலையையும் ஷாஃப்டையும் பிடித்து வைப்பது எபாக்சிப் பசை. பாலக்காட்டு வெயிலில் காரின் டிக்கியிலேயே மட்டைகளைப் போட்டு வைத்தால் அது இளகும். நல்ல பசையும் சரியான தயாரிப்பும் இருந்தால் தாங்கும், இது தாங்கவில்லை. "பந்து பத்தடி போச்சு, தலை நாப்பதடி போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மோனே, நீ சொல்லித்தானே வாங்கினேன்?" என்றார்.

நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தப் பிரிவு இப்போது இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. கடை முதலாளி அது நம் பொறுப்பு இல்லை என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை, எட்டு அயர்ன்களின் தலைகளையும் சூடு காட்டிக் கழற்றி, கழுத்துத் துளையிலிருந்த பழைய பசையைச் சுரண்டி, ஷாஃப்டின் நுனியை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பசை போட்டு, ஓர் இரவு நிறுத்தி வைத்துக் கொடுத்தேன். பழைய கிரிப்பை வளைந்த கத்தியால் கிழித்தெடுத்து, இருபக்கம் ஒட்டும் டேப் சுற்றி, புதுக் கிரிப்பின் நுனித் துளையை ஒரு டீக் குச்சியால் அடைத்து உள்ளே தின்னர் ஊற்றிக் குலுக்கி, அந்த ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில் தள்ளி ஏற்றும் வேலையையும் அப்போதுதான் ஒழுங்காகக் கற்றேன். காசு என் கையிலிருந்து போனது. தியாகி என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. என் பெயர் கெட்டுப்போனது, அதை ஒட்டவைத்தேன், அவ்வளவுதான்.

நிறுவனத்தார் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. கால்ஃப் மட்டையை எவரும் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. கிளப்பில் பை தூக்குகிறவர், கிரிப் மாற்றுகிறவர், கடையில் நிற்கிறவர், கூட ஆடும் மூன்று பேர் என்று ஆறேழு வாய்களைத் தாண்டித்தான் அது பைக்குள் போகிறது. என் அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் பை தூக்கினார். அவர் இருந்த இடத்தில் பை தூக்குகிறவர் ஆடும் வழக்கமில்லை என்பதால் ஒரு குழிகூட முழுதாக ஆடியதில்லை. ஆனால் "அந்த ஸ்டிக் வேண்டாம் சார், இது எடுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு மட்டை மாற்றிய துரைமார்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எந்த நிறுவனத்தின் பிரதிநிதியும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மலையில் தமிழ் பேசும் கூலிக்காரரிடம் இவர்களுக்கு என்ன பேச்சு இருக்கப்போகிறது என்று அம்மா சொல்வாள். அந்த வருத்தத்தை வேறொரு கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே கேட்டவருக்கு, நீங்கள் உண்மையிலேயே அப்படிப்பட்ட நிறுவனத்தில் இருந்தால்: ஒரே ஒரு மட்டையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஏற்கனவே செய்யும் ஏதோ ஒரு பொருளிலிருந்து அதற்கு ஒரு கைத்திறன் வர வேண்டும். கார்பன் இழையில் ஷட்டில் பேட் செய்தவர் ஷாஃப்டைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள், தொப்பி தைத்தவர் பேசினால் கேட்க மாட்டார்கள். வீரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, பத்தாண்டு கழித்தும் ஓர் ஐந்தாம் எண் அயர்னைத் தனியாகக் கேட்டால் எடுத்துத் தர ஒரு கிடங்குக்கு ஒதுக்குங்கள். இதற்கு லாபக் கணக்கு காட்ட முடியாது என்று உங்கள் நிதிப் பிரிவு சொல்லும். அவர்களைச் சித்திரை மாதத்தில் என் திண்ணைக்கு அனுப்பிவையுங்கள்.

அந்த வங்கி அதிகாரி இப்போது மிசுனோ வைத்திருக்கிறார். அதை வாங்கும் முன் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை; வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். போன வாரம் கிரிப் மாற்றக் கொண்டுவந்தபோது, ஆறாம் எண் அயர்னை எடுத்து நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டார்.