பொறி எங்கே வைப்பது? வாசகர் கேள்வி – பதில்

உச்சிப்புளி வாசகர்: இரண்டு ஏக்கர் தென்னை, எட்டு வயது. தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டுக்காக இனக்கவர்ச்சிப் பொறி (வாசனை காட்டி வண்டை இழுக்கும் பொறி) வாங்கி, தோப்பின் நடுவே ஒரு மரத்திலேயே கட்டினேன். ஆறு மாதத்தில் விழுந்தது பத்து வண்டுகூட இல்லை. ஆனால் பொறி கட்டிய மரமும் பக்கத்து மரமும் குருத்து சாய்ந்துவிட்டன. பொறி போலியா?

பொறி நல்ல பொறிதான். அது வண்டுகளைக் கூப்பிட்டிருக்கிறது, வந்தவை மரத்துக்குப் போய்விட்டன. இந்தப் பொறி ஓட்டை போட்ட ஒரு வாளி, உள்ளே ஒரு வாசனைக் குப்பி. குப்பியில் இருப்பது ஆண் வண்டு விடும் வாசனையின் நகல். ஆணும் வரும், பெண்ணும் வரும். முட்டையிடத் தயாராக இருக்கும் பெண்தான் அதிகம் வரும். வந்த வண்டு நேராக வாளிக்குள் குதிப்பதில்லை. வாளியின் வெளிப்புறத்திலோ பக்கத்திலோ உட்கார்ந்து, ஊர்ந்துதான் ஓட்டைக்குப் போகும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் கால் பிடிக்காமல் கீழே விழுந்தால், அடுத்து அதற்குத் தெரிவது உங்கள் மரம்.

வாளியைச் சுற்றிப் பழைய சணல் சாக்கை இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டை வரைக்கும் சாக்கு இருக்க வேண்டும். தென்னையில் கட்டவே கூடாது. பனையிலும் வேண்டாம், கூன்வண்டு பனையையும் விடாது. வேப்பமரத்திலோ, நட்ட கம்பிலோ, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நிழல் முக்கியம். வெயில் நேராக அடித்தால் குப்பியின் மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும்.

வாளியில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுவும் தப்பு. வாசனை தூரத்திலிருந்து இழுக்கும், கிட்டே வந்ததும் தீனி வாடை வேண்டும். இரண்டரை லிட்டர் கரும்புச் சாற்றில் 5 கிராம் ஈஸ்ட், பிளந்த பச்சை மட்டைத் துண்டுகள் சில. சாறு கிடைக்காவிட்டால் வெல்லக் கரைசல் போதும். புளித்த வாடை வர வேண்டும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வெயிலுக்கு நாலே நாளில் வற்றிவிடும். வற்றிய வாளியிலிருந்து வண்டு ஏறிப் பறந்துவிடும்.

இனி இடம். வண்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்துப் பறந்து வரும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பொறியைத் தோப்பின் தென்மேற்கு மூலையில் வைத்தால், வாசனை தோப்பு முழுக்கப் பரவி வடகிழக்கே போகும். அந்தப் பக்கத்து வண்டெல்லாம் உங்கள் தோப்புக்குள் புகுந்துதான் பொறிக்கு வரும். அதனால் கச்சானுக்கு வடகிழக்கு எல்லை, வாடைக்காற்றுக்கு (வடகிழக்குக் காற்று) தென்மேற்கு எல்லை. வருடத்துக்கு இரண்டு முறை இடம் மாற்றுவது சலிப்பான வேலைதான், ஆனால் பலன் அதில்தான் இருக்கிறது. இரண்டு ஏக்கருக்கு ஒரு பொறி போதும்.

சாய்ந்த மரங்களை வெட்டித் துண்டாக்கி எரித்துவிடுங்கள், புழுக்கள் உள்ளேதான் இருக்கும். பச்சை மட்டையை வெட்ட வேண்டி வந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டிய காயம் கூன்வண்டுக்கு வைத்த விருந்து.

திருவாடானை வாசகர்: புழுதி விதைப்பு நெல். வரப்பு எலி வெட்டுகிறது. தஞ்சாவூர்க் கிட்டி (மூங்கில் வில்பொறி) நாற்பது வாங்கி வைத்தும் இரவுக்கு ஐந்தாறுதான் விழுகிறது.

கிட்டியின் எண்ணிக்கை சரி, ஏக்கருக்கு நாற்பது வேண்டும். ஆனால் எந்தப் பருவத்தில் வைத்தீர்கள்? கதிர் பால் பிடித்த பிறகு வயலே சாப்பாடு, உங்கள் இரையை எலி ஏன் தேடி வரப்போகிறது? தூர் கட்டும் பருவத்திலேயே, பொதி கட்டுவதற்கு முன் பிடித்துவிட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் வரப்பில் உள்ள எல்லா வளைகளையும் சேறு வைத்து மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. வாயில் புது மண் குவிந்திருக்கும், ஈரம்கூடக் காயாமல். அந்த வளையிலிருந்து பயிருக்குப் போகும் தடத்தைக் குனிந்து பாருங்கள்: உள்ளங்கை அகலத்துக்குப் புல் படுத்து, மண் வழவழவென்று மிதிபட்டு, ஓரத்தில் சாய்வாக நறுக்கிய தாள் கிடக்கும். கிட்டி அங்கே நிற்க வேண்டும், வரப்பை ஒட்டி, ஆடாமல். வயல் நடுவில் வரிசையாக நட்டால் பார்க்க அழகாக இருக்கும், எலி விழாது. எலி திறந்தவெளியில் நடக்கப் பயப்படும் பிராணி, ஓரம் பிடித்தே ஓடும்.

புதுப் பொருள் எதையும் எலி முதலில் நம்பாது. இரண்டு இரவு நாண் ஏற்றாமல் இரை மட்டும் வைத்துத் தின்னவிடுங்கள். மூன்றாம் இரவு நாண் ஏற்றுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாட்டுத் துண்டு இரண்டும் இழுக்கும். கருவாட்டை எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரையை நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நாணைத் தொடாமலே உருவிக்கொண்டு போய்விடும். கிட்டியை சோப்பு, பினாயில் போட்டுக் கழுவாதீர்கள். வெறும் தண்ணீர் போதும்.

காலையில் செத்த எலியை வெறும் கையால் எடுக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அதன் மூத்திரத்தில் இருக்கும், காலில் புண்ணோடு சேற்றில் நிற்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இன்னொன்று, வரப்பை ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேல் விடாதீர்கள். தடித்த வரப்பு எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு.

சாயல்குடி வாசகர்: ஆட்டுக்குட்டிகளை நரி தூக்குகிறது. டெக்சாஸில் இருக்கும் என் மருமகன், அங்கே கயோட்டியை (நரி போன்ற அமெரிக்கக் காட்டு விலங்கு) காலிடுக்கிப் பொறி வைத்துப் பிடிக்கும் வீடியோ அனுப்பினான். அதே முறையில் இங்கே வைக்கலாமா?

வைக்கக் கூடாது. நரி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பொறி, சுருக்கு, விஷம், அவுட்டுக்காய் (இரைக்குள் வைக்கும் வெடி) எல்லாமே வேட்டைக் கணக்குதான். 3 முதல் 7 வருடம் வரை சிறை.

அந்த ஊர் முறையைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை, காற்றுக் கணக்கு கூன்வண்டுப் பொறியில் சொன்னதுதான். கயோட்டி நடக்கும் பாதையில் பொறியை வைக்க மாட்டார்கள். பாதைக்குச் சற்றுத் தள்ளி, இரை வாடை காற்றோடு பாதையைக் கடக்கும்படி வைப்பார்கள். சாய்வாக ஒரு குழி தோண்டி அதில் இரை, ஓரத்தில் கயோட்டி மூத்திரம். குழிக்கு முன்னால் சுமார் 9 அங்குலம் விட்டு, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பொறி. மூக்கு குழிக்கு நேரே நிற்கும்போது முன்கால் அதற்குப் பக்கவாட்டில்தானே ஊன்றும்! பொறி மண்ணுக்குள் துளி ஆடினாலும் கயோட்டி சந்தேகப்பட்டுத் தோண்டி வெளியே போட்டுவிடும். அங்கேயும் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு.

உங்களுக்கு முதல் வேலை, வந்தது நரிதானா என்று பார்ப்பது. ஒரே இரவில் நாலைந்து ஆடு பின்தொடையும் காதும் குதறிக் கிடந்தால், பெரும்பாலும் அது ஊர்நாய். நரி வந்தால் ஒரு குட்டி காணாமல் போகும். மணலில் தடம் பாருங்கள். நரித் தடம் ஒடுக்கமாக, ஒரே கோட்டில் போகும். முன்காலின் நடு இரண்டு விரல் மெத்தைகளும் அடியில் ஒட்டியிருக்கும். நாய்த் தடம் அகலமாக, அங்கும் இங்கும் அலையும்.

பட்டியைச் சுற்றிக் கருவேல முள்ளை ஐந்தடி உயரத்துக்கு நெருக்கமாக அடுக்குங்கள், அடிப்பக்கத்தில் கைபுகும் சந்துகூட விடாமல். குட்டிகளை இரவில் தனியே பஞ்சாரத்தில் அடையுங்கள். செத்த ஆட்டையும் நஞ்சுக்கொடியையும் கண்மாய்க் கரையில் வீசாமல் மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். நரியை உங்கள் பட்டிக்குக் கூட்டிவருவது அந்த வாடைதான். அதற்கும் மிஞ்சினால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

பெரியபட்டினம் வாசகி: இளநீர்க் காய்கள் காம்புப் பக்கம் ஓட்டையோடு விழுகின்றன. மரத்தடியில் எலிப்பொறி வைத்தும் ஒன்றும் விழவில்லை.

அந்த எலி மரத்தின் மண்டையிலேயே குடியிருக்கும், தரைக்கு இறங்குவதே குறைவு. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், 40 செ.மீ. அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றி அடியுங்கள். அதற்கு முன் மண்டையைச் சுத்தம் செய்து கூட்டைக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எலியை மேலேயே வைத்துப் பூட்டியதாகிவிடும். பக்கத்து மரத்து மட்டை உரசிக்கொண்டிருந்தால் தகரம் வீண், மட்டை வழியாகவே தாண்டிவிடும். நெருக்கி நட்ட தோப்பானால் தகரத்துக்குச் செலவு செய்யாதீர்கள். ஆள் ஏறும்போது பொறியை மண்டையில், பாளைக்கும் மட்டைக்கும் இடையே கயிற்றால் கட்டிவையுங்கள்.