அம்பயர் தீர்ப்பு தவறிவிட்டால்? பேஸ்பால், சாஃப்ட்பால் கேள்வி பதில்

கேள்வி: முதல் பேஸில், பேஸ் பக்கம் நிற்கும் பேஸ் அம்பயர் அவுட் காட்டுகிறார். ஆனால் பந்து நழுவி விழுந்ததை, கேட்சருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் பார்த்துவிட்டார். அவர் குறுக்கே புகுந்து மாற்றலாமா சார்?

பதில்: கூடாது. பேஸ்பால் விதி 8.02 இதில் கறார். தீர்ப்புச் சொன்னவராகக் கேட்டால் ஒழிய மற்ற அம்பயர் வாய் திறக்கக்கூடாது. அதனால் நாங்கள் ஆட்டத்துக்கு முன்பே ஒரு சைகை பேசிவைப்போம். பிளேட் அம்பயராக நான் மாஸ்க்கைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றால், ‘என்னிடம் ஒரு தகவல் இருக்கிறது’ என்று அர்த்தம். கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். கேட்டால், ஆட்டக்காரர்கள் காதில் விழாத தூரத்தில் இருவரும் பேசுவோம். புதுத் தீர்ப்பை அவரே அறிவிப்பார்.

கேள்வி: மாற்றினால், ஓடிப்போன ரன்னர்கள் கதி?

பதில்: இங்கேதான் தலைவலி. முதல் பேஸில் ஒரு ரன்னர். அவுட்ஃபீல்டர் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடிக்கிறார். அம்பயர் ‘கேட்ச் இல்லை’ என்கிறார், ரன்னர் இரண்டாவது பேஸுக்கு ஓடிவிடுகிறார். அப்புறம் அது கேட்ச்தான் என்று முடிவாகிறது. பேட்டர் அவுட், சரி. ரன்னர் முதல் பேஸுக்குத் திரும்புவார். ‘கேட்ச் ஆனபின் பேஸைத் தொட்டுவிட்டு ஓடவில்லை, அவரும் அவுட்’ என்று கோச் குதித்தாலும் நான் கொடுக்க மாட்டேன். எங்கள் பேச்சை நம்பித்தானே ஓடினார்! முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் யார் எங்கே இருந்திருப்பார்களோ, அங்கே நிறுத்துவதுதான் கணக்கு.

‘ஃபவுல்’ (பந்து கோட்டுக்கு வெளியே) என்று கத்திவிட்டால் மட்டும் மீள்வது கஷ்டம். எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். சந்தேகமா, வாயை மூடிக்கொள்ளுங்கள், ஆட்டம் ஓடட்டும்.

கேள்வி: பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே வந்த பந்து), ஸ்ட்ரைக் தீர்ப்பு பற்றி வாதாடலாமா?

பதில்: வாதாடினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பேட்டர் பாதியில் நிறுத்திய மட்டை வீச்சுக்கு ‘பால்’ சொன்னால் மட்டும், பேஸ் அம்பயரைக் கேட்கச் சொல்லலாம்.

கேள்வி: ஆட்டம் முடிந்த பிறகு தவறு தெரிந்தால்?

பதில்: 2010 ஜூன் 2, டெட்ராய்ட். டெட்ராய்ட் பிட்சர் (பந்து வீசுபவர்) அர்மாண்டோ கலாராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். 27 பேரும் அப்படி அவுட்டானால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. 27-வது ஆளை முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்றார். தெளிவான அவுட் அது. அப்போது வீடியோ ரீப்ளே பார்த்துத் தீர்ப்பை மாற்றுவது ஹோம் ரன்னுக்கு மட்டும்தான். 2014-ல்தான் மற்ற தீர்ப்புகளுக்கும் விரிந்தது. கலாராகா சிரித்துவிட்டு அடுத்த ஆளை அவுட்டாக்கினார். வீடியோ பார்த்த ஜாய்ஸ் அன்றே தவறை ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை ஜாய்ஸிடம் கொண்டுவந்து கொடுத்தது கலாராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார். ஸ்கோர் புத்தகத்தில் அது இன்றும் ஒரே ஒரு ஹிட் கொடுத்த ஆட்டம்தான், பெர்ஃபெக்ட் கேம் இல்லை.