மங்கோலியாவிலிருந்து ரயிலில் சீனாவுக்குள் நுழையும்போது எல்லையில் ஏன் மணிக்கணக்கில் நிற்கிறது?

பாஸ்போர்ட், சுங்கச் சோதனை எல்லாம் உண்டுதான், ஆனால் பெரிய காரணம் தண்டவாளம். ரஷ்யாவிலும் மங்கோலியாவிலும் தண்டவாளத்தின் அகலம் 1520 மி.மீ., சீனாவில் 1435. இந்த 85 மில்லிமீட்டருக்காக, எல்லை தாண்டியதும் வரும் எர்லியான் ஊரில் ரயிலை நீளமான கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டுபோய், பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, ஜாக்கியால் தூக்கி, அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை உருட்டி எடுத்துவிட்டு சீன அளவுச் சக்கரத்தைப் பொருத்துவார்கள்.

மாஸ்கோவிலிருந்து பெய்ஜிங்குக்கு நேரே ஓடிய ரயிலில் நான் போனபோது (2020 பெருந்தொற்றில் அதை நிறுத்திவிட்டார்கள்) இது கடைசி இரவில் நடந்தது. நாங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தோம். மெதுவாக மேலே போவதே தெரியவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தால் பக்கத்துப் பெட்டியும் அந்தரத்தில் நிற்கிறது! அந்த நேரத்தில் தூங்கிவிடாதீர்கள், முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். ஒன்று மட்டும் முக்கியம்: எல்லையில் கழிப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள், சில மணி நேரம் திறக்கவே மாட்டார்கள், அதனால் முன்பே போய்வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த நேரடி ரயிலில், சாப்பிடப் போகும் உணவு ரயில்பெட்டியும் நாட்டுக்கு நாடு மாறியது. ரஷ்யாவில் ரஷ்யப் பெட்டி, மங்கோலியாவில் மங்கோலியப் பெட்டி, எர்லியானில் சீனப் பெட்டி. காலையில் எழுந்தால் கோபி பாலைவனம் பின்னால் போயிருக்கும், தாதோங் தாண்டியதும் வயல்கள், பிறகு மலைகள், சுரங்கங்கள். சைபீரியாவில் நாள்கணக்கில் காட்டையே பார்த்த கண்ணுக்கு, ஒரு சாண் நிலம்கூட விடாமல் பயிர் வைத்திருப்பதைப் பார்ப்பதே வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொல்லிவிடும். மதியத்துக்கு மேல் பெய்ஜிங்.