மனிதர் அருகில் இல்லாத தானியங்கி வானாய்வகங்கள் வேற்றுக் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

பெரும்பாலும் கோளையே பார்ப்பதில்லை. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே கடக்கும்போது ஒளி சற்றே மங்கும், அதைத்தான் அளக்கின்றன. வெகுதொலைவிலிருந்து பார்க்கும்போது சூரியனை வியாழன் மறைத்தால் அதன் ஒளி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும்; பூமி மறைத்தால் 0.01 சதவீதம்கூட இல்லை. அந்த மங்கல் எந்த இரவில் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. மாதக்கணக்கில் சலிக்காமல் அளக்க வேண்டும். இயந்திரத்தின் அருமை இங்கேதான்! கூரையைத் திறப்பது, இலக்கை நோக்கித் திரும்புவது, வானிலை கெட்டால் மூடிக்கொள்வது எல்லாமே கணினியின் வேலை.

தொலைநோக்கியில் ஒளியைத் திரட்டும் ஆடி பெரிதாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சிலியின் லா சில்லாவில் உள்ள டிராப்பிஸ்ட் தொலைநோக்கியின் ஆடி 60 சென்டிமீட்டர்தான். அது மிகச் சிறிய, குளிர்ந்த விண்மீன்களைக் குறிவைத்தது. விண்மீன் சிறியதானால் மங்கல் பெரிதாகத் தெரியும். சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள அத்தகைய ஒரு விண்மீனைச் சுற்றி 2016இல் மூன்று கோள்கள் அறிவிக்கப்பட்டன. 2017இல், ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியும் சேர்ந்தபின், அந்த எண்ணிக்கை ஏழாயிற்று.