ஹேக்கில் அமீனா கிடையாது

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். துபாய் கடைக்காரர் ஒருவருக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் சரக்கு அனுப்பினேன். 11 லட்சம் ரூபாய் பாக்கி. இப்போது போனை எடுப்பதில்லை. நாட்டுத் தலைவர்களுக்கே பிடிவாரண்ட் போடும் ஹேக் நீதிமன்றத்தில் நான் வழக்குப் போடலாமா?

பதில்: முடியாது. ஹேக் என்றதும் நம் ஊரில் இரண்டு நீதிமன்றங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்தில் நாட்டோடு நாடுதான் வழக்காடும். பிடிவாரண்ட் போடுவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவைதான் அதன் வேலை. இந்தியா அதில் உறுப்பினரே இல்லை.

சரி, உள்ளே விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தை யார் வசூலிப்பது?

சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். விபத்து இழப்பீடு கட்டாத வழக்கு. புறப்பட நின்ற அரசு பஸ்ஸின் கண்ணாடியில், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா ஜப்தி நோட்டீசை ஒட்டினார். இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மூட்டையோடு இறங்கினார்கள். பசை காய்வதற்குள் அதிகாரிகளின் போன்கள் அலறத் தொடங்கிவிட்டன. அரசாங்கத்தையே அசைத்தது அந்தக் காகிதம்.

ஹேக்கில் அப்படி ஓர் அமீனா இல்லை. 1986-இல் சர்வதேச நீதிமன்றத்தில் நிகரகுவா நாடு தொடுத்த வழக்கில் அமெரிக்கா தோற்றது. தீர்ப்பை நிறைவேற்றும்படி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் தீர்மானம் வந்தபோது, தோற்ற அமெரிக்காவே வீட்டோ போட்டு அதைத் தடுத்தது. ரஷ்ய அதிபர் புதினுக்கு 2023-இல் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடிவாரண்ட் பிறந்தது. அடுத்த ஆண்டே அவர் மங்கோலியாவுக்குப் போனார். அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடு, கைது செய்வதற்குப் பதில் மரியாதை அணிவகுப்பு நடத்தி வரவேற்றது. 2025-இல் அந்த நீதிமன்றத்தின் வழக்கறிஞர் மீதும் நீதிபதிகள் சிலர் மீதும் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. நாடுகளின் வர்த்தகச் சண்டைகளைத் தீர்க்கும் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வோ, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா மறித்ததால் 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது. நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல: சர்க்கரை மானிய வழக்கில் தோற்றதும், கேட்க ஆளில்லாத அந்த அமர்விடமே மேல்முறையீடு செய்தோம்!

ஆனால் சத்தமில்லாமல் வேலை செய்யும் சர்வதேசச் சட்டமும் உண்டு. உங்களுக்கு உதவப் போவது அதுதான். இந்தியாவும் அமீரகமும் 1999-இல் செய்துகொண்ட நீதித்துறை ஒப்பந்தப்படி, இங்கே வாங்கிய தீர்ப்பாணையை அங்குள்ள நீதிமன்றம் வழியாக நிறைவேற்றலாம். அங்கே அமீனா வேலையைப் பார்ப்பது அவர்களுடைய அதிகாரி.

ஆர்டரும் பில்லும் சேலத்தில் உருவானவை என்றால் இங்கேயே வழக்குப் போட இடமிருக்கிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு இது. அவசர உத்தரவு எதுவும் கேட்கவில்லை என்றால் முதலில் சமரசத்துக்கு மனுச் செய்தாக வேண்டும். காலவரையறை மூன்று வருடம், அதில் பாதி போய்விட்டது. எதிராளிக்குச் சம்மன் முறைப்படி சேர வேண்டும். சேராமல் வாங்கும் ஒருதலைத் தீர்ப்பு துபாயில் நிற்காது. அவசரத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்த சரக்குக்கு, பில்லிலேயே ‘தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம்’ என்று ஒரு வரி சேர்த்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நாட்டில் தந்த நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றன.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். அதைச் சாட்சியமாக்க, போன் வைத்திருப்பவரின் சான்றிதழோடு நிபுணர் ஒருவரின் சான்றிதழும் வேண்டும். ஆகவே எதையும் அழிக்காதீர்கள். புதுப் போன் வாங்கினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.