வெளிச்சம் பார்த்து டிக்கெட் எடுங்கள்

சிக்கனப் பயணம், புகைப்படம், பழைய சினிமா பற்றி மும்பை வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மாட்டுங்காவில் வசிக்கும் நம் பகுதியாசிரியை பதில் சொல்கிறார்.

டோம்பிவிலி வாசகர்: வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஊர் சுற்ற ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

லோனாவலா பக்கம் இருக்கும் கார்லா குகைகளிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களுக்குக் கல்யாண் பக்கம்தானே. காலையில் புனே போகும் ரயிலில் இரண்டாம் வகுப்பில் ஏறி லோனாவலாவில் இறங்குங்கள். அங்கிருந்து புனே லோக்கலில் அடுத்த நிலையமே மளவ்லி, கார்லாவுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். இந்த லோக்கல்கள் நம் ஊர் மாதிரி அடிக்கடி வராது. திரும்பி வரும் வண்டியின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வழியையும் தூங்கிக் கழிக்காதீர்கள். கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது பின்னால் கூடுதல் எஞ்சின்களை மாட்டுவார்கள். அவை தள்ளிக் கொடுத்துத்தான் ரயில் ‘போர் காட்’ என்ற மலைக் கணவாயில் ஏறும். 1863-ல் திறந்த மலைப்பாதை அது. சுரங்கமும் வெளிச்சமுமாக மாறி மாறி வரும் அந்தப் பயணத்துக்காகவே நான் டிக்கெட் எடுப்பதுண்டு.

கார்லாவில் படி ஏறினால் பாறையைக் குடைந்த பெரிய சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபம். இந்தியாவில் இருக்கும் குடைவரை சைத்தியங்களில் இதுதான் மிகப் பெரியது. கூரையில் வளைவு வளைவாகத் தெரியும் மர விட்டங்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்து மரம். வாசலுக்கு மேலே இருக்கும் லாட வடிவச் சாளரத்தின் வழியாக வெளிச்சம் இறங்கித் தூண்களைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகும். ஒரு தூணருகே உட்கார்ந்து அது நகர்வதைப் பாருங்கள். வாசலிலேயே ஏகவீரா தேவி கோயில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வார நாளில் போங்கள். இன்னொரு நாள் மளவ்லியில் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தால் பாஜா குகைகள். கார்லாவை விடப் பழையவை, கூட்டமும் குறைவு.

செலவைப் பொறுத்தவரை என் கணக்கு ஒன்றுதான். வண்டியிலும் தங்கும் இடத்திலும் மிச்சம் பிடிப்பேன், சாப்பாட்டில் பிடிக்க மாட்டேன். வெளியூரில் ராத்திரி தங்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்து ஓய்வறைகளைப் பாருங்கள். உறுதியான டிக்கெட் இருந்தால் ஐஆர்சிடிசியில் முன்பதிவு செய்யலாம். விடிகாலை வெளிச்சத்துக்காக அலைகிறவர்களுக்கு நிலையத்துக்குள்ளேயே தூங்கி எழுவதைப் போன்ற வசதி வேறில்லை.

செம்பூர், கல்லூரி மாணவி: புகைப்படக் கலை கற்க ஆசை. என்ன கேமரா வாங்கலாம், அக்கா? கையில் இப்போது போன் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு வருடத்துக்கு எதுவும் வாங்காதே, தங்கையே. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார். சும்மா சொல்லவில்லை, எனக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தது அவைதான். வண்ணம் இல்லாத படத்தில் ஒளிப்பதிவாளர் கையில் இருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டும். ஒரு முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் அவர் அதை வெளிச்சத்தால்தான் செய்தாக வேண்டும்.

1959-ல் வந்த ‘காகஸ் கே ஃபூல்’ நம் மும்பையில் எடுத்த படம், இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். ஆளில்லாத ஸ்டுடியோவில் மேலேயிருந்து ஓர் ஒளித்தூண் விழ, அதன் இரண்டு பக்கமும் நாயகனும் நாயகியும் நிற்பார்கள். அந்த ஒளி விளக்கிலிருந்து வரவில்லை. ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பினார். உள்ளே உயரத்தில் இருந்த இன்னொரு கண்ணாடி அதை வாங்கிக் கீழே இறக்கியது. மைசூர்க்காரர். தாதாசாகேப் பால்கே விருது வாங்கிய முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான்.

ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவையும் தெரிந்துகொள். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன்னால் அவர் சினிமா கேமராவை இயக்கியதே கிடையாது. அடுத்து வந்த ‘அபராஜிதோ’வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். திறந்த முற்றத்தில் வானத்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், கூர்மையான நிழல் இருக்காது. அதைக் கொண்டுவர அவர் செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டுமே நடிகர்கள் மேல் விழுந்தது. நீயும் வீட்டில் ஒரு வெள்ளை வேட்டியை வைத்துச் செய்து பார்க்கலாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வேட்டியைப் பிடித்தால் முகத்தின் இருண்ட பாதி மெல்லத் தெளியும். பாட்டி அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்துப் பார்.

தமிழில் ‘அந்த நாள்’ பார். 1954, எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. ஒரு தடவை கதைக்காகப் பார்த்துவிடு. அடுத்த தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் நோட்டில் எழுது.

போனில் ஒரு பழக்கம். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் அங்கேயே நிற்கும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள். போன்கள் நிழலை நிழலாக விடாது, எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டப் பார்க்கும். இதைக் கையாளப் பழகிவிட்டால், என்ன கேமரா வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும்.

சயான் வாசகர்: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காப்பாற்றுவது?

தோல் உறையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லென்ஸுக்கு அதுதான் எமன். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். இதை விட முக்கியம், கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் தாமதிக்காமல் ஃபோர்ட்டில் கேமரா பழுது பார்க்கிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

முலுண்ட், ஓய்வு பெற்ற வாசகர்: முதல் தமிழ்ப் பேசும் படம் பம்பாயில்தான் எடுக்கப்பட்டது என்று பேரனிடம் சொன்னால் நம்ப மறுக்கிறான். போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பேரனை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள், ஐயா. நீங்கள் சொன்னது உண்மைதான். 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’, அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் இங்கே எடுத்த படம். இயக்கியவர் எச்.எம். ரெட்டி. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார்.

அதே ஆண்டு மார்ச் 14-ல், அதே நிறுவனத்தின் ‘ஆலம் ஆரா’ கிர்காவ் மெஜஸ்டிக்கில் வெளியாகி இந்தியாவின் முதல் பேசும் படம் ஆனது. அதை எடுத்த ஸ்டுடியோ கென்னடி பாலத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பகலில் வண்டிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால், பெரும்பாலும் ரயில் ஓட்டம் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகுதான் படம் பிடித்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். மேற்கு ரயில்வே லோக்கலில் கிராண்ட் ரோடு பக்கம் கென்னடி பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிடுவேன்.

உங்களுக்கு ஒரு நடை சொல்கிறேன். காலா கோடாவில் பழைய வாட்சன் ஹோட்டல் கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்களைத் திரையிட்ட இடம் அது. இந்தியாவில் சினிமா முதன்முதலாகக் கண்ணில் பட்டது அங்கேதான். கட்டடம் பாழடைந்து கிடக்கிறது, வெளியே நின்று பார்த்தால் போதும். பிறகு சர்ச்கேட்டில் வண்டி பிடித்து சர்னி ரோடில் இறங்கினால் ராயல் ஓபரா ஹவுஸ். பல வருடம் மூடிக் கிடந்து 2016-ல் திரும்பத் திறந்தார்கள். அங்கிருந்து கென்னடி பாலம் வரை நடக்கலாம். மெஜஸ்டிக்கும் இன்று இல்லை, 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியான கொரோனேஷனும் இல்லை. கடைசியாக டாக்ஸியில் பெடர் ரோடு போய் இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

‘காளிதாஸ்’, ‘ஆலம் ஆரா’ இரண்டுக்கும் இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், பாதுகாக்காவிட்டால் தானாகவே நைந்து போகும். ஓடி முடிந்த பிரதிகளை வெள்ளிக்காக உருக்கியும் விற்றார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல்தான். ராஜலட்சுமியின் குரல் திரையிலிருந்து தமிழில் கேட்ட அந்தப் படத்தை நாம் யாரும் பார்க்க முடியாது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். வீட்டில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பல படங்களுக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

அம்பர்நாத், ஒரு தாய்: என் மகள் உங்களைப் போலத் தனியாக ஊர் சுற்றப் போகிறேன் என்கிறாள். பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்பட்டும்?

அனுப்புங்கள் அம்மா. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூட வர ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் எந்த ஊரையும் பார்த்திருக்க மாட்டேன். முதல் பயணத்துக்குத் திவாவிலிருந்து சாவந்த்வாடி போகும் ரயிலைச் சொல்லுங்கள். கொங்கண் பாதையைப் பகல் வெளிச்சத்திலேயே காட்டும் வண்டி அது. புது ஊரில் இருட்டுவதற்குள் போய் இறங்குவது மாதிரி டிக்கெட் எடுக்க வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தங்குமிடத்தின் பெயரை வீட்டுக்குச் சொல்லட்டும், ஆனால் ரயிலில் பேச்சுக் கொடுக்கிறவர்களிடம் வேண்டாம். ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் 139. கழுத்தில் பெரிய கேமரா தொங்க வேண்டாம், துணிப்பையில் இருக்கட்டும். சாப்பிடக் குடும்பங்கள் உட்காரும் மெஸ்ஸைத் தேடிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் மணிக்கொரு தடவை போன் செய்யாதீர்கள். காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று பேசி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

தாராவி வாசகர்: பழைய படங்களைப் பெரிய திரையில் குறைந்த செலவில் பார்க்க முடியுமா? கிங்ஸ் சர்க்கிள் அரோரா மூடியபின் எங்களுக்குப் போக்கிடமே இல்லை.

அரோராவை நினைத்தால் எனக்கும் மனசு கனக்கும். தமிழ்ப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போன தியேட்டர். ஆனால் வழி இருக்கிறது. பிரபாத் சித்ர மண்டல் என்ற திரைப்படச் சங்கம் 1968 முதல் நடக்கிறது, உறுப்பினராகச் சேரலாம். காலா கோடாவில் மாக்ஸ் முல்லர் பவன் திரையிடல்களைக் கவனியுங்கள். ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பழைய படங்களை மீட்டெடுத்துத் திரையிடுகிறது, அவர்கள் அறிவிப்பு வந்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கொலாபா ரீகலில் 1933-லிருந்து படம் ஓடுகிறது, அங்கே பழைய படம் போட்டால் பால்கனி டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். அரை மணி நேரம் முன்னாலேயே போய் அந்தக் கூடத்தையும் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள்.