எண்ணெயை விட்டும் ட்ரைகிளிசரைடு ஏறுகிறதே, எப்படி?

கேள்வி: வயது 46. நாலு மாதமாக எண்ணெய், நெய், முட்டை எதுவும் தொடுவதில்லை. இட்லி, ரசம் சாதம், மாலையில் பழ ஜூஸ், அவ்வளவுதான். ஆனாலும் வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 190-லிருந்து 265 ஆகிவிட்டது. லேபில் தவறா?

பதில்: லேபைச் சந்தேகிக்கும் முன் உங்கள் தட்டைப் பார்ப்போம். கொழுப்பு வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. கல்லீரலே தயாரிக்கும்.

சாதத்தின் மாவுச்சத்து குளுக்கோஸாகி, பிறகு இரண்டு கார்பன் கொண்ட துண்டுகளாக உடைகிறது. செலவுக்கு மிஞ்சிய துண்டுகளைக் கல்லீரல் செல் ஒன்றோடொன்று கோக்கும். எட்டு சேர்ந்தால் 16 கார்பன் நீளமுள்ள பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின்தான் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது. ஜூஸிலுள்ள ஃபிரக்டோஸ் இன்னும் மோசம். குளுக்கோஸுக்கு இருக்கும் கட்டுப்பாட்டுப் படி ஒன்றைத் தாண்டிக்கொண்டு நேரே இந்த வரிசையில் நுழைந்துவிடும்.

இப்படி உருவான கொழுப்பமிலங்கள் மூன்று ஒரு கிளிசராலோடு சேர்ந்தால் ட்ரைகிளிசரைடு. இரண்டோடு நிறுத்தி, மூன்றாவது இடத்தில் பாஸ்பேட்டும் கோலின் என்ற சத்தும் ஒட்டினால் லெசித்தின். செல் சவ்வுக்கு முக்கியமான சரக்கு அதுதான். கல்லீரல் தன் கொழுப்பை ரத்தத்துக்கு அனுப்பும்போது அந்தப் பொட்டலத்தைச் சுற்றி உறை போடவும் லெசித்தின் வேண்டும். கோலின் குறைந்தால் கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கும். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கிருந்த சார்லஸ் பெஸ்ட்டின் குழு 1930-களில் நாய்களிடம் கண்டது இது. கோலின் நிறைந்த உணவு எது தெரியுமா? நீங்கள் தள்ளிவைத்த முட்டையின் மஞ்சள் கரு!

எண்ணெயை அடியோடு விட்டதும் சரியில்லை. லினோலெயிக், ஆல்பா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்களைப் பாலூட்டிகளால் தயாரிக்கவே முடியாது. கொழுப்பே இல்லாத தீவனம் தின்ற எலிகளுக்குத் தோல் செதில் செதிலானதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான பர் தம்பதி 1929-லேயே எழுதிவிட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஜூஸை இன்றே நிறுத்துங்கள், பழமாகவே சாப்பிடுங்கள். சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியல், சுண்டல். சமையலுக்கு நாளுக்கு நாலு டீஸ்பூன் எண்ணெய் இருக்கட்டும். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மத்தி நல்லது. மருத்துவர் தடுக்கவில்லை என்றால் முட்டையும் திரும்ப வரலாம். மதுப் பழக்கம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். ரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். எண் 500-ஐத் தாண்டினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். கணையம் வீங்கும் அபாயம் உண்டு, உடனே மருத்துவரிடம் போங்கள்.